போலீஸ் சோதனை, லாக்கப் அடி: சமீபத்திய தீர்ப்புகளில் நம் கைக்கு என்ன வருகிறது?

மேலமாசி
எங்கள் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போலீஸ் வந்தது. சிலர் யூனிஃபார்ம், சிலர் மஃப்டி. பக்கத்துத் தெருவில் நடந்த நகைத் திருட்டு விஷயம் என்று சொல்லிவிட்டு பீரோ, பரண், அரிசி டிரம் என்று எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார்கள். வாரண்ட் கேட்டதற்கு, "அதெல்லாம் சினிமாவிலே கேளு" என்று பதில். ஒன்றும் கிடைக்கவில்லை. போகிறபோது தம்பியின் செல்போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ரசீது எதுவும் தரவில்லை. சில நாள் கழித்து போன் திரும்பி வந்தது. ஊர் பெயர், ஸ்டேஷன் பெயர் கேட்காதீர்கள். அவன் அங்கேயேதான் கடை வைத்துப் பிழைக்க வேண்டும்.

திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் அடியில் இறந்த சம்பவத்துக்குப் பிறகு நிறைய தீர்ப்புகள் வந்திருக்கின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வந்து தேடலாமா? ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்தால் கோர்ட் உண்மையில் என்ன செய்கிறது? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்பு கவுன்
மேலமாசி அண்ணே, முதல் கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. தேடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (சி.ஆர்.பி.சி.) பிரிவு 165 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 185 ஆகிவிட்டது. புலன்விசாரணை செய்கிற அதிகாரி, வாரண்ட் வாங்கிவரும் நேரத்துக்குள் பொருள் கைநழுவிப் போகும் என்று நியாயமாக நம்பினால் தானே வந்து தேடலாம். ஆனால் அந்த நம்பிக்கைக்குக் காரணம் என்ன, எந்தப் பொருளைத் தேடுகிறார் என்பதை வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே கேஸ் டைரியில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 103இன்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், வீட்டுக்காரர் கூடவே நிற்கலாம், எடுத்த பொருள்களின் பட்டியல் அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். புதிதாக வந்தது 105. சோதனை, பறிமுதல், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது, இத்தனையையும் வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். செல்போனிலேயே எடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கேமரா இல்லை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

உங்கள் தம்பி வீட்டில் இதில் எது நடந்தது? வீடியோ எடுத்தார்களா?

மேலமாசி
வீடியோவா! சாட்சி என்று ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்ததற்கே உள்ளே போகச் சொல்லி அதட்டியிருக்கிறார்கள்.

ஓய்வு எஸ்.எஸ்.ஐ.
வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் துறையில் இருந்துவிட்டு வந்தவன், ஒரு வார்த்தை. வக்கீல் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் திருட்டு நகை ராத்திரியே உருக்குப் பட்டறைக்குப் போய்விடும். வாரண்டுக்கு நிற்க முடியாது. சாட்சிக்குக் கூப்பிட்டால் தெருவில் ஒருத்தரும் வரமாட்டார். பத்து வருஷம் கழித்து கோர்ட்டுக்கு அலைய யாருக்குச் சம்மதம்? அதனால்தான் வி.ஏ.ஓ.வையும் அவருடைய தலையாரியையும் மகசரில் (பறிமுதல் பட்டியலில்) கையெழுத்துப் போட வைக்கிறோம். அது சரி என்று சொல்லவில்லை. ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன்.

வீடியோவில் ஒரு நல்லது உண்டு. "போலீசே கஞ்சாவை வைத்துவிட்டு எடுத்தார்கள்" என்று சொல்ல முடியாது. ஒழுங்காக வேலை பார்க்கிறவனுக்கு அது பாதுகாப்பு. என் காலத்தில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

செமஸ்டர் அரியர்
சார், நான் சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு. ஒரு சந்தேகம். 185, 103, 105 எதையுமே பின்பற்றாமல் தேடி, உண்மையிலேயே திருட்டு நகை கிடைத்துவிட்டால்? அமெரிக்காவில் 1961இல் மேப் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு சட்டவிரோதமாகத் தேடிக் கிடைத்த சாட்சியத்தை எந்த மாநில நீதிமன்றமும் ஏற்காது என்று படித்தேன். நம் ஊரில்?

கறுப்பு கவுன்
தம்பி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

நம் ஊரில் பொதுவான பதில்: சாட்சியம் செல்லும். 1974இல் பூரன் மல் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது இன்னும் உயிரோடு இருக்கிறது. அது வருமானவரிச் சோதனை பற்றிய வழக்கு. தேடிய முறை தப்பாக இருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதாக இருந்தால், சட்டமே வெளிப்படையாகத் தடுத்தால் ஒழிய, அதை ஒதுக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் முன்னால் 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், அமெரிக்காவில் இருப்பதுபோல ஒரு தடை நம் அரசியல் சாசனத்தில் இல்லை என்றார்கள். 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று அந்தப் பழைய கருத்தை ஒதுக்கித் தள்ளினார்கள். ஆனால் பூரன் மல் பக்கம் அவர்கள் போகவில்லை. வீட்டுக்குள் வருவது உரிமை மீறல் என்று ஆகிவிட்டது, அப்படி வந்து எடுத்த பொருள் மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது. இந்த முரண்பாட்டோடுதான் தினமும் கோர்ட்டில் மல்லுக்கு நிற்கிறோம்.

விதிவிலக்கு போதைப்பொருள் சட்டம். அங்கே பிரிவு 50இன்படி உடம்பைச் சோதிக்கும் முன், "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை செய்யச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பறிமுதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்த்தது. ஆனால் இது உடம்புக்கு மட்டும். தோளில் மாட்டிய பைக்குப் பொருந்தாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. சட்டைப் பையில் இருந்தால் ஒரு சட்டம், தோள் பையில் இருந்தால் வேறு. கஞ்சா வழக்கு நடத்துகிற எங்களுக்கு இது பழகிவிட்டது, வெளியில் இருந்து கேட்கிறவர்கள்தான் சிரிக்கிறார்கள்.

அப்புறம், 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தொலைபேசி ஒட்டுக்கேட்புத் தீர்ப்பை அவசியம் படியுங்கள். 2011இல் ஒரு லஞ்ச வழக்கில் சி.பி.ஐ.க்காக உள்துறை போட்ட உத்தரவு அது. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ இல்லாமல், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க மட்டும் போனை ஒட்டுக்கேட்க முடியாது என்று உத்தரவை ரத்து செய்தார். அதோடு நிற்கவில்லை. அப்படிப் பதிவான பேச்சை எதற்குமே பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். பூரன் மல் சுவரில் இந்தப் பக்கத்தில் விழுந்த நல்ல விரிசல். கொஞ்ச நாள் முன்னால்தான் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு ஊழல் வழக்கில் இதற்கு நேர்மாறாக, பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று ஒட்டுக்கேட்பைச் சரி என்றது. உச்ச நீதிமன்றம் தீர்த்துவைக்க வேண்டியது.

மேலமாசி
அப்படியானால் வாரண்ட் இல்லாமல் வந்து, சாட்சி இல்லாமல் தேடி, எதையாவது எடுத்தாலும் கேள்வி இல்லை என்றுதானே அர்த்தம்? இதற்கு எதற்கு 48 மணி நேரம், வீடியோ எல்லாம்?

கறுப்பு கவுன்
கேள்வி உண்டு. தேடியதிலும் கைது செய்ததிலும் தப்பு நடந்தால் கோர்ட் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, அவ்வளவுதான்.

கைதில் கடந்த இரண்டு மூன்று வருடத்தில் உச்ச நீதிமன்றம் மளமளவென்று முன்னேறியிருக்கிறது. 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் வழக்கு: அமலாக்கத்துறை கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2024 மே மாதம் நியூஸ்கிளிக் ஆசிரியர் வழக்கு: சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலும் (யு.ஏ.பி.ஏ.) அப்படியே. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கு: காரணம் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது. அந்த மனிதரை ரோத்தக் மருத்துவமனைக் கட்டிலோடு சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள், கையில் விலங்கு வேறு. அதற்கும் சேர்த்துக் கண்டித்து ஹரியானா அரசுக்கு உத்தரவு போட்டார்கள். 2025 நவம்பர் 6இல் மிஹிர் ஷா வழக்கு: எந்தக் குற்றமாக இருந்தாலும் காரணத்தை எழுத்தில், அதுவும் கைதாகிறவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். உடனே முடியாத அவசரம் என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன்) கொண்டு போவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு காகிதம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம், ஆளை விட்டுவிட வேண்டியதுதான்.

கைதில் காகிதம் இல்லையென்றால் ஆள் வெளியே வருகிறான். சோதனையில் காகிதம் இல்லையென்றால் நீதிபதி முகம் சுளிக்கிறார், சாட்சியத்தின் எடை கொஞ்சம் குறைகிறது. போலீசுக்கு எந்த விதி வலிக்குமோ அதைத்தான் அவர்கள் பின்பற்றுவார்கள். இப்போது மதுரைப் பக்கம் கைதுக் காரணத்தைத் தமிழில் டைப் அடித்துக் கையெழுத்து வாங்காமல் யாரும் ரிமாண்டுக்கு வருவதில்லை. 105 வீடியோவை மாஜிஸ்திரேட்டுக்கு ஒழுங்காக அனுப்புகிறவர்களை அந்த அளவுக்கு நான் பார்க்கவில்லை.

தலைவன் வழி
பெரிய பெரிய தீர்ப்பு எல்லாம் சொல்றீங்க. கூலிப்படை வைத்துக் கொலை செய்கிறவனுக்கும் சின்னக் குழந்தையை நாசம் பண்ணியவனுக்கும் எழுத்தில் காரணம் கொடுக்கணுமா? காலில் சுட்டால்தான் ஊர் அடங்கும். என்கவுண்டர் நடந்த அன்றைக்கு எங்கள் ஏரியாவில் பட்டாசு வெடித்தோம்.

செமஸ்டர் அரியர்
நீங்கள் பட்டாசு வெடித்தது எதற்கு என்று கடைசியில் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. 2019இல் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடித்த நான்கு பேரைச் சுட்டபோது ஜனங்கள் போலீஸ் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், போலீஸ் சொன்ன கதையை நம்பவே முடியாது, பத்து போலீசார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. மகாராஷ்டிராவின் பத்லாப்பூரில் பள்ளிக் குழந்தைகளைப் பாலியல் வன்முறை செய்ததாகப் பிடித்த ஆளை 2024 செப்டம்பரில் போலீஸ் வேனுக்குள் வைத்துச் சுட்டார்கள், துப்பாக்கியைப் பிடுங்கினான் என்றார்கள். மாஜிஸ்திரேட் விசாரணையில் ஐந்து போலீசாரைப் பொறுப்பாக்கினார். 2025 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் வழக்குப் பதியச் சொன்னது. அந்தக் குழந்தைகள் விஷயத்தில் பள்ளி நிர்வாகம் என்ன செய்தது, யார் மூடி மறைத்தார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய ஆள் செத்துப்போனான். அதில் யாருக்கு லாபம்?

கறுப்பு கவுன்
தம்பியோடு ஒரு சட்டக் குறிப்பும் சேர்த்துக்கொள்கிறேன். பி.என்.எஸ்.எஸ். 43இல், பிடிக்க வருகிற போலீசை எதிர்த்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. அதே பிரிவில், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சுமத்தப்படாதவனைக் கொல்ல இதில் உரிமை இல்லை என்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட குற்றம் சுமத்தப்பட்டவனையும் பிடித்துக் கட்டிப்போட்ட பிறகு கொல்லலாம் என்று எங்கும் இல்லை.

2014இல் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 விதிகள் போட்டது. என்கவுண்டரில் சாவு என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். விசாரணை அதே ஸ்டேஷன்காரர்கள் செய்யக் கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழு. மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். உடனடிப் பதவி உயர்வு, வீரப் பதக்கம் கிடையாது. கடைசி விதியைத்தான் அதிகமாக மறக்கிறார்கள்.

தலைவன் வழி
உங்கள் வீட்டில் நடந்தால் தெரியும்.

மட்டுறுத்துநர்
தனிப்பட்ட முறையில் தாக்க வேண்டாம். அடுத்த முறை பதிவு நீக்கப்படும்.

பொன்னி
நான் ஒரு அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் நர்ஸ். பெயரோ ஊரோ சொல்லமாட்டேன். ரிமாண்டுக்கு முன் மெடிக்கல் செக்கப்புக்குக் கூட்டி வருகிறார்களே, அதைப் பற்றி இங்கே யாருமே பேசவில்லை.

ஆளைப் போலீஸ் பிடித்தபடியே உள்ளே கொண்டு வருவார்கள். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்டால், பதில் பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரர் வாயிலிருந்து வரும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டான் சார்." அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துக் காயப் பதிவேடு) ஏறிவிடும். கையிலும் காலிலும் மாவுக்கட்டு. மறுநாள் பேப்பரில் படம். எந்த மனிதன் பாத்ரூமில் விழுந்து வலது கையும் இடது காலும் ஒரே நாளில் ஒடிக்கிறான்? உள்ளங்காலில் வீக்கம் இருக்கும். யாராவது உள்ளங்கால் அடிபடும்படி வழுக்கி விழுவார்களா?

எல்லா டாக்டரும் ஒரே மாதிரி இல்லை. எங்களோடு வேலை பார்த்த ஒரு அம்மா, "வெளியில் நில்லுங்க, நான் தனியாகப் பார்க்கணும்" என்று போலீசை அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி ஒவ்வொரு காயத்தையும் அளந்து எழுதுவார். அவர் டூட்டி என்று தெரிந்தால் வேறு நேரம் பார்த்துக் கூட்டி வருவார்கள்.

கறுப்பு கவுன்
பொன்னி அக்கா, உங்கள் பதிவுக்கு நன்றி. எங்களுக்கு அந்த ஏ.ஆர். காப்பிதான் பல வழக்குகளில் ஒரே ஆதாரம். ஸ்டேஷன் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீசார் விழமாட்டார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டிருக்கிறது. கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். மாவுக்கட்டு நிற்கவில்லை.

மேலமாசி அண்ணனின் இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். அவர் சோதனையையும் அடியையும் தனித்தனியாகக் கேட்டார். எங்கள் தொழிலில் அது இரண்டும் ஒன்றுதான்.

போலீஸ் ஏன் அடிக்கிறது? கோபம், திமிர் எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலும் 'ரெக்கவரி'க்காக. போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தால், அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 27, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் பிரிவு 23இல் போய் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற இந்த ஒரு வாசல்தான் லாக்கப் அடிக்குக் கூலி கொடுக்கிறது. நகையோ கத்தியோ கிடைத்துவிட்டால் வழக்கு நிற்கும். திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரை அடித்ததும் நகை எங்கே என்று கேட்டுத்தானே? காரில் இருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார். முறையாக வழக்குப் பதியாமலே தனிப்படை தூக்கிக்கொண்டு போனது. 2025 ஜூன் 28இல் அவர் இறந்தார். உடம்பில் 44 காயங்கள். யார் உத்தரவில் தனிப்படை உள்ளே வந்தது என்று மதுரைக் கிளை கேட்டது. கொலைகாரன்கூட இப்படி அடிக்கமாட்டான் என்ற அளவுக்கு நீதிபதிகள் பேசினார்கள். மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொன்னார்கள், பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, குடும்பத்துக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். அங்கே ஒருவர் மறைந்து நின்று எடுத்த செல்போன் வீடியோ வந்திராவிட்டால் இது "வலிப்பு வந்து இறந்தார்" என்று முடிந்திருக்கும்.

கட்டாயப்படுத்தி வாங்கிய தகவலால் கிடைத்த பொருளை ஏற்க முடியாது என்பது சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1961இல் காத்தி காலு வழக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள், 2010இல் உண்மை கண்டறியும் சோதனைகள் பற்றிய செல்வி வழக்கிலும் அதை மறுபடி சொன்னார்கள். பிரச்சினை, அடித்ததை யார் நிரூபிப்பது? அடிபட்டவன்தான். எங்கே? நான்கு சுவருக்குள். சாட்சி யார்? அடித்தவர்கள்.

அதனால்தான் 2020 டிசம்பர் 2இல் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் சி.சி.டி.வி. என்று சொன்னது. வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, கழிவறைக்கு வெளியே. ஆமாம், கழிவறை வாசலையும் மறக்கவில்லை. படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும். 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. ஐந்து வருடம் கழித்து 2025 செப்டம்பரில் அதே உச்ச நீதிமன்றம், கேமராக்கள் ஓடவில்லை என்று பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே ஒரு வழக்கை எடுத்தது. உத்தரவு போட்ட கோர்ட்டே, உத்தரவு என்ன ஆனது என்று பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செமஸ்டர் அரியர்
சாத்தான்குளத்தில் கேமரா இருந்ததே சார்.

கறுப்பு கவுன்
இருந்தது தம்பி, அதுதான் கொடுமை. 2020 ஜூன் 19 ராத்திரி தந்தையையும் மகனையும் வைத்து அடித்த ஸ்டேஷன், இரண்டு பேரும் பிறகு இறந்துபோனார்கள். கோவில்பட்டி மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தது, ஆனால் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் செய்து வைத்திருந்தார்கள். அவரையே ஒரு காவலர் ஒருமையில் பேசி மிரட்டியதாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதன் பிறகுதான் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், புகழேந்தி அமர்வு அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறைக் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. நான் கேள்விப்பட்ட வரைக்கும் அப்படி ஓர் உத்தரவு அதற்கு முன் இல்லை. கேமரா அழித்ததை ஈடுகட்டியது அங்கே டூட்டியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சியம். அந்த அம்மா பேசினார்கள். எல்லா ஸ்டேஷனிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி சட்டம் எழுத முடியாது.

ஓய்வு எஸ்.எஸ்.ஐ.
வக்கீல் சார், போலீசை மட்டும் கூண்டில் நிறுத்தி முடித்துவிடாதீர்கள். சாத்தான்குளத்தில் அவர்களை ரிமாண்ட் செய்தது யார்? ஒரு மாஜிஸ்திரேட். ரத்தக் கறையோடு நின்றவர்களை நேரில் சரியாகப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார் என்று அப்போது ஊரே பேசியது. உடம்பு தகுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்ததும் ஒரு டாக்டர்தான். மூன்று பூட்டில் இரண்டு பூட்டு எங்கள் கையில் இல்லை.

இன்னொன்று. "இன்றைக்கு ராத்திரிக்குள் நகை வந்தாகணும்" என்று மேலே இருந்து போன் வரும். போன் செய்தவர் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்காது. கடைசியில் மாட்டுகிறவன் கான்ஸ்டபிள். அடி வாங்குகிறவனும் சில நேரம் கான்ஸ்டபிள். காஷ்மீர் குப்வாராவில் ஒரு காவலரை விசாரணை மையத்தில் வைத்துச் சொல்ல முடியாத சித்திரவதை செய்தார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணையும் 50 லட்சம் இழப்பீடும் கொடுத்தது. சட்டை போட்டவனுக்கே இந்த நிலைமை என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல.

எல்லாத் தீர்ப்பும் போலீசுக்கு எதிராகவும் இல்லை. 2025 ஏப்ரலில் கர்நாடக வழக்கு ஒன்றில் (மஞ்சுநாத் வழக்கு), காவலர் அதிகாரத்தை மீறி நடந்தாலும் செய்த காரியத்துக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு இருந்தால் அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்களை சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது என்கிற விதியை மதுரைக் கிளையே 2025 பிப்ரவரியில், அது வழிகாட்டும் விதிதான், மீறியதால் மட்டும் கைது செல்லாமல் போகாது, ஆனால் ஏன் மீறினோம் என்று அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டும் என்று தீர்த்தது.

பொன்னி
டாக்டர் பூட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான் ஐயா. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக டூட்டியில் இருக்கிற ஹவுஸ் சர்ஜன் பிள்ளை, ஐந்து போலீஸ்காரர் சுற்றி நிற்கிறபோது என்ன எழுதும்? தனியாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கி, யார் முன்னால் பரிசோதித்தேன் என்று எழுத ஒரு கட்டம் அந்த ஏ.ஆர். புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுத்தால் போதும். பாதி மாறும்.

மேலமாசி
செல்போன் விஷயத்தை இங்கே யாரும் பேசவில்லையே. தம்பியிடம் லாக் பேட்டர்ன் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கொடுக்காமல் இருந்திருக்கலாமா?

கறுப்பு கவுன்
இது இன்னும் கெட்டிப்படாத இடம். 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் வீரேந்திர கன்னா வழக்கில், போனையோ லேப்டாப்பையோ திறந்து பார்க்க சாதாரணமாகத் தேடுதல் வாரண்ட் வேண்டும், அவசரம் என்றால் காரணத்தை எழுத வேண்டும் என்றது. 2023 நவம்பரில் பத்திரிகையாளர்களின் கருவிகளைப் பறிப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், இதற்கு விதிமுறை வகுத்துக் கொண்டு வாருங்கள் என்று மத்திய அரசிடம் சொன்னது. உங்கள் தம்பி விஷயத்தில் அவர் குற்றவாளிப் பட்டியலிலேயே இல்லை, பறிமுதல் பட்டியலும் இல்லை. பேட்டர்ன் சொல்ல முடியாது என்று மறுத்திருக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நிற்கிற இடத்தில் அப்படி மறுக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும் என்பது வேறு விஷயம்.

அமலாக்கத்துறையைப் பற்றியும் ஒரு வரி. அவர்கள் போலீசே இல்லை என்று 2022இல் தீர்ப்பு வாங்கியவர்கள். சென்னையில் பூட்டியிருந்த வீட்டில் நோட்டீஸ் ஒட்டி சீல் வைத்த மாதிரி செய்தபோது, பூட்டை உடைத்துத் தேட சட்டம் அதிகாரம் கொடுக்கிறது, சீல் வைக்க எங்கே கொடுக்கிறது என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் கேட்டு, மேல் நடவடிக்கைக்குத் தடை போட்டு, எடுத்த கருவிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. நல்ல வக்கீலை வைக்க வசதி இருந்தவர்களின் வழக்கு. அதே கேள்வி உங்கள் தம்பிக்காகவும் கேட்கப்பட வேண்டியதுதான்.

மேலமாசி
சரி வக்கீல் சார். இப்போது தம்பி என்ன செய்யலாம்? புகார், வழக்கு என்று போனால் கடை நடத்த முடியாது.

கறுப்பு கவுன்
புகார் வேண்டாம். 185இன் கடைசியில் ஒரு சின்ன வரி இருக்கிறது, வக்கீல்களே அதிகம் பயன்படுத்துவதில்லை. சோதனைக்கு உள்ளான வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால், மாஜிஸ்திரேட்டுக்கு வந்த அந்தப் பதிவின் நகலை இலவசமாகத் தர வேண்டும். அந்த ஸ்டேஷன் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வருகிறதோ அங்கே ஒரு மனு. யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டாம். தேதி, நேரம், முகவரி, திருட்டு வழக்கின் குற்ற எண் தெரிந்தால் அது, "185 பதிவின் நகலும் 105 வீடியோவும் வேண்டும்", அவ்வளவுதான். பதிவு வந்திருந்தால் எந்தக் காரணத்தை எழுதினார்கள் என்று தெரியும். வரவில்லை என்றால், வரவில்லை என்று கோர்ட் எழுதிக் கொடுப்பதே நாளைக்கு வேறு ஏதாவது வழக்கில் தம்பியைச் சேர்த்தால் உதவும்.

ஓய்வு எஸ்.எஸ்.ஐ.
மனுவில் ஸ்டேஷன் ஜி.டி.யில் (பொது நாட்குறிப்பு) அந்த ராத்திரி எத்தனை மணிக்கு யார் யார் வெளியே போனதாக எழுதியிருக்கிறது என்பதையும் வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள். மஃப்டியில் வந்தவர்கள் அந்த ஸ்டேஷன்காரர்களா, வேறு இடத்துத் தனிப்படையா என்று அதில்தான் பிடிபடும். தாமதிக்காதீர்கள், கேமரா பதிவு இருந்தாலும் அழிந்துபோகும்.

மேலமாசி
குற்ற எண் விசாரித்துவிட்டேன், தெரியும். திங்கட்கிழமை மனு போடச் சொல்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.